லினக்ஸில் ஆன்டிவைரஸ் அப்கிரேட்: சேலத்துப் பக்கம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

சேலத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்க்கிறேன். செவ்வாய்ப்பேட்டை, குகை, அம்மாபேட்டைப் பக்கம் உள்ள சின்னக் கடைகள், ஐந்து ரோட்டில் இரண்டு டிடிபி சென்டர், மாதம் ஒருமுறை மலையேறிப் பார்க்கும் ஏற்காட்டுக் காபி எஸ்டேட் ஆபீஸ்கள், இவைதான் என் வாடிக்கை. விண்டோஸ் லைசென்ஸ் பணம் கட்டி மாளாமல் இவர்களில் பலர் உபுண்டு, மின்ட், டெபியன் என்ற லினக்ஸ் வகைகளுக்கு மாறிவிட்டார்கள். மாறியதிலிருந்து ஆன்டிவைரஸ் பற்றி ஒரே சந்தேகங்களைப் போனில் கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, பதிலையும் வைத்திருக்கிறேன்.

இங்கே பேசுவது பெரும்பாலும் கிளாம்ஏவி என்ற ஆன்டிவைரஸ் பற்றி. இலவசமானது, எல்லா லினக்ஸிலும் கிடைக்கும். கமாண்டுகளைப் போனில் சொல்வதுபோலவே தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். டெர்மினலில் அடிக்கும்போது ஆங்கிலச் சின்ன எழுத்தில் அடியுங்கள்.

லினக்ஸ்ல வைரஸே வராதுன்னு சொல்லித்தானே மாத்தி விட்டீங்க. இப்ப எதுக்குங்க ஆன்டிவைரஸ்?

"வராது" என்று நான் சொல்லியிருந்தால் தப்பு. விண்டோஸுக்கு எழுதின வைரஸ் லினக்ஸில் ஓடாது, அதுவரைக்கும் உண்மை. லினக்ஸைக் குறிவைத்து எழுதினவையும் உண்டு. 2016-ல் உலகம் முழுக்க கேமராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்த மிராய், லினக்ஸ் கருவிகளில் ஓடியதுதான். ஆனால் அது நுழைந்தது யாரும் மாற்றாமல் விட்ட பாஸ்வேர்டு வழியாக. அதை எந்த ஆன்டிவைரஸும் உங்களுக்காக மாற்றித் தராது.

நம் ஊர்க் கடைகளில் நிஜமான தேவை வேறு. ஜெராக்ஸ் கடையில் ஒரு நாளைக்கு எத்தனை பென்டிரைவ் சொருகப்படுகிறது என்று எண்ணிப் பாருங்கள். ஒன்றில் ஷார்ட்கட் வைரஸ் இருந்தால் உங்கள் லினக்ஸுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் அந்த ஃபைலை நீங்கள் காப்பி செய்து அடுத்தவர் பென்டிரைவில் போட்டுக் கொடுத்தால், அவர் வீட்டு விண்டோஸில் அது கண் விழிக்கும். கடையின் பெயர் கெட இது போதும். வெளியாள் ஃபைல் எதையும் வாங்காமல், கொடுக்காமல் வீட்டில் தனியாக ஒரு லினக்ஸ் வைத்திருப்பவருக்கு ஆன்டிவைரஸ் கட்டாயமில்லை. இதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

என் சிஸ்டத்துல இருக்கா இல்லையா, எந்த வெர்ஷன்னு எங்க பாக்கறதுங்க?

டெர்மினலைத் திறந்து "க்ளாம்ஸ்கேன் --வெர்ஷன்" என்று அடியுங்கள். "கமாண்ட் நாட் ஃபவுண்ட்" என்று வந்தால் இல்லை. இருந்தால் ஒரே வரியில், நடுவில் சாய்கோடு போட்டு, மூன்று சங்கதி வரும். முதலில் 1.4.3 மாதிரி ஒரு எண், அது இன்ஜின். அடுத்தது ஐந்து இலக்க எண், அது வைரஸ் அடையாளப் பட்டியலின் வரிசை எண். கடைசியில் அந்தப் பட்டியல் தயாரான தேதி.

எனக்குப் போன் செய்யும்போது இந்த ஒரு வரியைப் படித்துக் காட்டுங்கள். பாதிப் பிரச்சினை அதிலேயே தெரிந்துவிடும். தேதி நேற்றையதாகவோ இன்றையதாகவோ இருந்தால் பட்டியல் நன்றாக வந்துகொண்டிருக்கிறது. மூன்று மாதம் பழையது என்றால் ஏதோ அடைத்துக்கொண்டிருக்கிறது.

அதான் தினமும் தானா அப்டேட் ஆகுதே. அப்புறம் அப்கிரேட்னு தனியா என்ன?

எல்லாக் குழப்பத்துக்கும் வேர் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். தினமும் தானாக வருவது பட்டியல் மட்டும். அதைக் கொண்டுவருவது ஃப்ரெஷ்க்ளாம் என்ற தனி புரோகிராம். பட்டியலை வைத்துக்கொண்டு ஃபைலைத் திறந்து பார்ப்பது இன்ஜின். இன்ஜினை ஃப்ரெஷ்க்ளாம் தொடாது. அது உங்கள் லினக்ஸின் சாதாரண அப்டேட்டோடுதான் வரும்.

ஏற்காடு அடிவாரச் செக்போஸ்ட்டை நினைத்துக்கொள்ளுங்கள். எந்த வண்டியை நிறுத்த வேண்டும் என்ற பட்டியல் தினமும் காலையில் கைக்கு வந்துவிடுகிறது. ஆனால் காவலுக்கு நிற்பவருக்குப் புது மாதிரிப் பெட்டியைத் திறக்கத் தெரியாவிட்டால், பட்டியலில் பேர் இருந்தும் சரக்கு மலையேறிவிடும். புதிய வகை ஜிப், புதிய வகை ஆபீஸ் டாக்குமென்ட், இவற்றைப் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொள்வது இன்ஜின் அப்கிரேடில்தான்.

அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. ஆன்டிவைரஸின் வேலையே சந்தேகமான ஃபைலைத் திறந்து பார்ப்பது. திறக்கும் இன்ஜினிலேயே ஓட்டை இருந்தால், ஃபைலை அனுப்பினவன் அந்த ஓட்டை வழியாகவே உள்ளே வரலாம். 2023 பிப்ரவரியில் வெளியான, சிவிஇ-2023-20032 என்ற பதிவு எண் கொண்ட ஓட்டை அப்படிப்பட்டதுதான். மேக் கம்ப்யூட்டர்களின் டிஸ்க் வடிவத்தைப் படிக்கும் பகுதியில் இருந்த பிழை அது. ஸ்கேன் செய்த ஃபைலே கட்டளை ஓட்டக்கூடிய நிலை. 2025 ஜூனில் பிடிஎஃப் படிக்கும் பகுதியில் இன்னொன்றைச் சரிசெய்து 1.4.3, 1.0.9 பதிப்புகளை விட்டார்கள். பட்டியல் எவ்வளவு புதிதாக இருந்தாலும் இந்த ஓட்டைகளை அடைக்காது.

ஸ்கேன் பண்ணும்போது அவுட்டேட்டட்னு பெருசா வருது. கூடவே டோன்ட் பேனிக்னும் போடுது. பயப்படணுமா வேண்டாமா?

கிளாம்ஏவியைப் பராமரிக்கும் சிஸ்கோ டாலோஸ் புதுப் பதிப்பு விட்ட பிறகு இந்த எச்சரிக்கை வரத் தொடங்கும். உபுண்டுவோ டெபியனோ அதைச் சோதித்து அனுப்பச் சில நாட்களோ வாரங்களோ பிடிக்கும். அந்த இடைவெளியில் வருகிற எச்சரிக்கைக்குப் பதற வேண்டாம். பாதுகாப்புத் திருத்தங்களைப் பழைய எண்ணிலேயே ஒட்டி அனுப்பும் வழக்கமும் லினக்ஸ் பக்கம் உண்டு.

பார்க்க வேண்டியது, உங்கள் எண் எந்த வரிசை என்பதைத்தான். 0.103 வரிசை 2024 செப்டம்பரோடு முடிந்தது. அதில் இன்னும் இருந்தால் பயப்படத்தான் வேண்டும். 2024 ஆகஸ்டில் வந்த 1.4 நீண்டகாலப் பராமரிப்பு வரிசை. கடைகளுக்கு அதுவே தோது. 0.105-க்கு அடுத்து 2022 நவம்பரில் நேராக 1.0 என்று எண்ணை மாற்றினார்கள். அதனால் "0.106 எங்கே போச்சு" என்று தேட வேண்டாம்.

சரிங்க, அப்கிரேட் பண்ண என்ன அடிக்கணும்? அதை மட்டும் சொல்லுங்க.

உபுண்டு, மின்ட், டெபியன் மூன்றுக்கும் ஒன்றே. முதலில் "சூடோ ஆப்ட் அப்டேட்". அது முடிந்ததும் "சூடோ ஆப்ட் அப்கிரேட்". மொத்த சிஸ்டமும் புதுப்பிக்கப்படும், ஆன்டிவைரஸும் அதில் வந்துவிடும். நெட் குறைவு, இதை மட்டும் செய்ய வேண்டும் என்றால் இரண்டாவதற்குப் பதிலாக "சூடோ ஆப்ட் இன்ஸ்டால் --ஒன்லி-அப்கிரேட் க்ளாம்ஏவி க்ளாம்ஏவி-டெமன் க்ளாம்ஏவி-ஃப்ரெஷ்க்ளாம்". ஃபெடோரா என்ற லினக்ஸ் வகையில் "சூடோ டிஎன்எஃப் அப்கிரேட்" மட்டும் போதும்.

பழைய பதிப்பை நீக்கிவிட்டுத்தான் புதியதைப் போட வேண்டும் என்று விண்டோஸ் பழக்கத்தில் சிலர் முதலில் அன்இன்ஸ்டால் செய்கிறார்கள். தேவையே இல்லை. மேலேயே போட்டால் போதும்.

நடுவுல நின்னு ஒய்யா என்னான்னு கேக்குது. எதை அழுத்தறது?

செட்டிங்ஸ் ஃபைலை முன்பு யாரோ திருத்தியிருந்தால்தான் இந்தக் கேள்வி வரும். ஒய் என்றால் புதிய செட்டிங்ஸ், என் என்றால் உங்கள் பழையதே. டி அழுத்தினால் இரண்டுக்கும் வித்தியாசத்தைக் காட்டும். யார் திருத்தியது, ஏன் திருத்தியது என்று தெரியாத நிலையில் என் அழுத்துங்கள். அதனால் பின்னால் ஒரு தொந்தரவு வரலாம். கீழே "ஓடவே மாட்டேங்குது" கேள்வியில் அதைச் சொல்லியிருக்கிறேன்.

ஃப்ரெஷ்க்ளாம்னு அடிச்சா லாக் ஃபைலைப் பூட்ட முடியலைன்னு எரர் வருது. கெட்டுப்போச்சா?

கெடவில்லை. நன்றாக ஓடிக்கொண்டிருப்பதால்தான் இந்த எரர். நடந்ததையெல்லாம் பதிவு செய்யும் அந்த லாக் ஃபைலைப் பின்னணியில் ஃப்ரெஷ்க்ளாம் சர்வீஸ் ஏற்கெனவே பிடித்து வைத்திருக்கிறது. நீங்கள் இரண்டாவதாக ஒன்றைக் கிளப்பியதும் இடம் இல்லை என்கிறது.

செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வெள்ளிக் கொலுசுப் பட்டறையின் கணக்குப்பிள்ளை, இந்த எரரைப் பார்த்துவிட்டு லாக் ஃபைலையே அழித்து, அது போதாதென்று ஃபோல்டர் உரிமைகளையும் மாற்றிவிட்டார். அதற்கப்புறம் பட்டியல் நிஜமாகவே வராமல் நின்றுபோய், இரண்டு மாதம் யாருக்கும் தெரியவில்லை. அழிக்காதீர்கள். உடனே அப்டேட் வேண்டுமென்றால் "சூடோ சிஸ்டம்சிடிஎல் ஸ்டாப் க்ளாம்ஏவி-ஃப்ரெஷ்க்ளாம்", பிறகு "சூடோ ஃப்ரெஷ்க்ளாம்", முடிந்ததும் முதல் வரியில் ஸ்டாப் இருந்த இடத்தில் ஸ்டார்ட் போட்டு மறுபடி அடியுங்கள். அந்தக் கடைசி ஸ்டார்ட்டை மறந்தால் தினசரி அப்டேட் நின்றுவிடும்.

403, 429-னு நம்பர் போட்டு நின்னுடுது.

429 என்றால் அளவுக்கு மீறிக் கேட்டுவிட்டீர்கள், கொஞ்சம் பொறுங்கள் என்று அர்த்தம். ஒரே நெட் கனெக்‌ஷனில் பத்துக் கம்ப்யூட்டர் உள்ள சென்டரில், பத்தும் தனித்தனியாக முழுப் பட்டியலை இறக்கப் பார்த்தால் இது வரும். ஃப்ரெஷ்க்ளாம் தானாகவே ஒதுங்கி நின்று பிறகு முயலும். நீங்கள் திரும்பத் திரும்ப அடிப்பதால் பயனில்லை.

403 வேறு கதை, அது மறுப்பு. இன்ஜின் காலாவதி என்றால் பட்டியல் தர மாட்டோம் என்று சர்வரே கதவைச் சாத்துகிறது. முன்னே சொன்ன 0.103 ஆட்களுக்குக் கடைசியில் இதுதான் கிடைக்கும். டபிள்யூகெட் போன்ற டவுன்லோடு புரோகிராமால் பட்டியலை இறக்கப் பார்த்தாலும் 403 வரும். 2021-லிருந்தே அந்த வழியை மூடிவிட்டார்கள்.

ஏற்காட்டுல நெட் ஒரு மணி நேரம் நிக்காதுங்க. பாதி டவுன்லோடுலயே அறுந்துடுது. மேல இருக்கறவங்க என்ன பண்றது?

இந்தக் கேள்விக்கு விடை கண்டுபிடிக்க எனக்கு மூன்று முறை மலையேற வேண்டியிருந்தது. முழுப் பட்டியல் பெரியது. மெயின் என்ற ஃபைல்தான் அதில் பெரும்பகுதி, அது அபூர்வமாகத்தான் மாறும். தினமும் மாறுவது டெய்லி என்ற ஃபைல். அதையும் ஃப்ரெஷ்க்ளாம் முழுதாக இறக்குவதில்லை. நேற்றைக்கும் இன்றைக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் துண்டாக வாங்கி ஒட்டிக்கொள்ளும். புதுசு இருக்கிறதா என்று விசாரிப்பதுகூட டிஎன்எஸ், அதாவது இணைய முகவரி தேடும் வழியாக ஒரு வரிதான். ஆகவே முதல் முறை முழுப் பட்டியலைக் கீழேயிருந்து கொண்டுபோய் வைத்துவிட்டால், அதற்கப்புறம் மலை நெட்டே போதும். வாரக்கணக்கில் அணைத்து வைத்துவிட்டால் மட்டும் துண்டுகள் பற்றாமல் மறுபடி டெய்லி முழுவதும் கேட்கும்.

கொண்டுபோகும் முறை இது. சேலத்தில் நெட் நன்றாக உள்ள, அதே கிளாம்ஏவி பதிப்புள்ள ஒரு லினக்ஸில் அப்டேட்டை முடித்து, வார் ஃபோல்டருக்குள் லிப், அதற்குள் க்ளாம்ஏவி என்ற ஃபோல்டரைத் திறங்கள். மெயின், டெய்லி, பைட்கோடு என்று தொடங்கும் ஃபைல்கள் எல்லாவற்றையும் பென்டிரைவில் எடுங்கள். ஃபைல் பெயரின் கடைசியில் சிவிடி இருக்கலாம், சிஎல்டி இருக்கலாம், இரண்டும் சரியே. ஃப்ரெஷ்க்ளாம்.டேட் என்ற ஃபைலை மட்டும் எடுக்காதீர்கள். அது அந்தந்த மெஷினின் சொந்த அடையாளம். இரண்டு மெஷினில் ஒன்றே இருக்கக் கூடாது.

மேலே போனதும் ஃப்ரெஷ்க்ளாம் சர்வீஸை நிறுத்தி, அங்குள்ள பழைய மெயின், டெய்லி, பைட்கோடு ஃபைல்களை நீக்கி, கொண்டுபோனவற்றை வையுங்கள். பிறகு "சூடோ சௌன் க்ளாம்ஏவி:க்ளாம்ஏவி" என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு அந்த ஃபைல்களின் பாதையைக் கொடுங்கள். முதல் தடவை இந்தப் படியை விட்டுவிட்டேன். இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது, பட்டியலை எழுத முடியவில்லை என்று எஸ்டேட் ரைட்டர் போன் செய்தார். ஃபைல்களின் உரிமையாளர் க்ளாம்ஏவியாக இல்லாவிட்டால் அடுத்த நாள் துண்டை ஃப்ரெஷ்க்ளாமால் ஒட்ட முடியாது. எல்லாம் முடிந்ததும் நிறுத்திய சர்வீஸை மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள்.

ஸ்கூல்ல குடுத்த கவர்மெண்ட் லேப்டாப்புங்க. ஆன்டிவைரஸ் போட்டதுல இருந்து தொங்குது. அப்டேட் நேரத்துல சுத்தமா நின்னுடுது.

2011-ல் தொடங்கிய திட்டத்தில் வந்த லேப்டாப்புகள் பலவற்றில் விண்டோஸோடு, சி-டாக் என்ற அரசு நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. அந்தக் கால ரேமுக்கு இன்றைய கிளாம்ஏவி பாரம். பட்டியல் முழுவதையும் ரேமில் ஏற்றி வைத்துக் காத்திருக்கும் க்ளாம்டி என்ற சர்வீஸ் அதில் நிறைய விழுங்கும். புதுப் பட்டியல் வந்ததும் பழையதை வைத்துக்கொண்டே புதியதை ஏற்றும், அந்தச் சில நிமிடம் இரட்டிப்பாகும். நீங்கள் சொல்லும் "அப்டேட் நேரத்தில் நிற்பது" அதுதான்.

அந்த லேப்டாப்புக்கு க்ளாம்டி வேண்டாம். "சூடோ ஆப்ட் ரிமூவ் க்ளாம்ஏவி-டெமன்". அதை நீக்கினாலும் க்ளாம்ஸ்கேன் இருக்கும். பென்டிரைவ் சொருகும்போது மட்டும் "க்ளாம்ஸ்கேன் -ஆர் -ஐ" என்று ஃபோல்டர் பாதையோடு அடியுங்கள். தொடங்க நேரம் எடுக்கும், ரேமும் கேட்கும், ஆனால் முடிந்ததும் விட்டுவிடும். 4 ஜிபி உள்ளவர்கள் க்ளாம்டியை வைத்துக்கொண்டே, அதன் செட்டிங்ஸில் "கன்கரன்ட்டேட்டாபேஸ்ரீலோட்" என்ற வரியை "நோ" ஆக்கினால் இரட்டிப்பு நின்றுவிடும். பட்டியல் மாறும் அந்தச் சில நொடி ஸ்கேன் காத்திருக்கும், அவ்வளவுதான்.

உபுண்டுவே பழசுங்க, 18. ஆப்ட் அப்கிரேட் அடிச்சா எல்லாம் புதுசாதான் இருக்குங்குது. ஆனா வெர்ஷன் மாறலை.

இன்ஜின் லினக்ஸோடுதான் வரும் என்று மேலே சொன்னதன் மறுபக்கம் இது. லினக்ஸுக்கு ஆயுள் முடிந்தால் ஆன்டிவைரஸுக்கும் முடிந்தது. உபுண்டு 18.04-க்கு வழக்கமான ஆதரவு 2023-லும், 20.04-க்கு 2025-லும் நின்றது. மின்ட் 20-க்கும் 2025-தான். "எல்லாம் புதுசு" என்று அது சொல்வது, தன் கடையில் இருக்கும் சரக்குக்குள் புதுசு என்ற பொருளில்.

சரியான தீர்வு லினக்ஸையே அடுத்த பதிப்புக்கு ஏற்றுவது. ஃபைல்களை முதலில் வெளி டிஸ்க்கில் எடுத்துவிட்டுச் செய்யுங்கள். பில்லிங் சாஃப்ட்வேர் காரணமாக உடனே முடியாது என்றால், உபுண்டு புரோ சொந்த உபயோகத்துக்கு ஐந்து மெஷின்வரை இலவசம். பதிவு செய்து இணைத்தால் பாதுகாப்புத் திருத்தங்கள் தொடரும். சோர்ஸிலிருந்து நாமே கம்பைல் செய்யலாமே என்று காலேஜ் பையன்கள் கேட்கிறார்கள். செய்யலாம், 0.105 முதல் ரஸ்ட் மொழியின் கருவிகளும் அதற்கு வேண்டும். ஆனால் அப்படிப் போட்டால் அடுத்த ஒவ்வொரு அப்கிரேடும் கையால்தான். கடை மெஷினில் அதை நான் செய்வதில்லை.

அப்கிரேட் நல்லா முடிஞ்சுது. ஆனா க்ளாம்டி ஓடவே மாட்டேங்குது.

"சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ் க்ளாம்ஏவி-டெமன்" அடித்து வருவதைப் பொறுமையாகப் படியுங்கள். "அன்னோன் ஆப்ஷன்" என்று ஒரு வரி எண்ணோடு இருந்தால், அப்கிரேடின்போது "என்" அழுத்திக் காப்பாற்றிய பழைய செட்டிங்ஸில் உள்ள ஏதோ ஒன்று புதுப் பதிப்புக்குத் தெரியவில்லை. அந்த வரியின் தொடக்கத்தில் ஒரு ஹாஷ் குறி (#) போட்டுவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள்.

"கண்டிஷன்" நிறைவேறவில்லை என்று இருந்தால் பட்டியல் இன்னும் வந்து சேரவில்லை. மெயினும் டெய்லியும் இல்லாமல் அது எழுந்திருக்காது. ஃப்ரெஷ்க்ளாம் முடியட்டும்.

க்ளாம்டிஸ்கேன் அடிச்சா என் சொந்த ஃபைலுக்கே பர்மிஷன் இல்லைங்குது.

க்ளாம்டிஸ்கேன் என்பது ஸ்கேன் வேலையை க்ளாம்டியிடம் கொடுக்கும் கமாண்டு. ஃபைலைத் திறப்பது நீங்கள் அல்ல, க்ளாம்ஏவி என்ற தனிப் பயனர் பெயரில் ஓடும் அந்த சர்வீஸ். உங்கள் வீட்டு ஃபோல்டருக்குள் அதற்கு இடமில்லை, இருக்கவும் கூடாது. ஃபோல்டரை எல்லோருக்கும் திறந்துவிடாமல் "--எஃப்டிபாஸ்" என்று சேர்த்து அடியுங்கள். நீங்கள் திறந்த ஃபைலை அதன் கையில் கொடுப்பதுபோல.

வேலை செய்யுதான்னு டெஸ்ட் பண்ண ஒரு வைரஸ் தர்றீங்களா?

வைரஸ் வேண்டாம். ஐகார் என்ற அமைப்பு இதற்கென்றே 68 எழுத்தில் ஒரு வரி வெளியிட்டிருக்கிறது. அவர்கள் தளத்திலிருந்து அந்த ஃபைலை இறக்கி ஸ்கேன் செய்தால் கிளாம்ஏவி உடனே பிடிக்கும். யாருக்கும் எந்தக் கெடுதலும் செய்யாத வரி அது.

2 ஜிபி ஃபைலை ஒரே செகண்டுல ஓகேன்னு சொல்லுது. அவ்வளவு வேகமா?

வேகம் இல்லை, பார்க்கவில்லை. 0.105 முதல் 100 எம்பிக்கு மேற்பட்ட ஃபைலை இயல்பாகவே தாண்டிவிடும், அதற்கு முன் 25 எம்பி. தாண்டியதையும் ஓகே என்றே காட்டுவது எனக்குப் பிடிக்காத விஷயம். "--அலர்ட்-எக்சீட்ஸ்-மேக்ஸ்=யெஸ்" என்று சேர்த்தால் எதைத் தாண்டியது என்றாவது சொல்லும்.

வைரஸ்னு காட்டினா உடனே அழிச்சிடற மாதிரி செட் பண்ணித் தாங்களேன்.

மாட்டேன். யார் கேட்டாலும் இதற்கு மட்டும் என் பதில் இதுதான். "--ரிமூவ்" என்ற ஆப்ஷன் உண்டு. அது கேள்வி கேட்காது, குப்பைத் தொட்டியிலும் போடாது.

அம்மாபேட்டையில் ஒரு நூல் வியாபாரி. தண்டர்பேர்டில் மெயில் பார்ப்பவர். அதில் இன்பாக்ஸ் முழுவதும் இயல்பாக ஒரே ஃபைலாகத்தான் டிஸ்க்கில் இருக்கும். ஆர்டர், ரசீது, வங்கி மெயில் எல்லாம் ஒன்றன்கீழ் ஒன்றாக 90 எம்பி, அதாவது மேலே சொன்ன எல்லைக்குள். அதில் ஒரே ஒரு மெயிலில் "இன்வாய்ஸ்" என்ற பெயரில் கெட்ட ஜிப். பழைய இன்ஜினுக்கு அதைப் பிரிக்கத் தெரியாமல் இத்தனை நாள் விட்டுவைத்திருந்தது. அப்கிரேட் ஆன இரவு, யாரோ வைத்துக் கொடுத்திருந்த தினசரி ஸ்கேன் அதைச் சரியாகக் கண்டுபிடித்து, ரிமூவ் என்று இருந்ததால் இன்பாக்ஸ் ஃபைலையே அழித்துவிட்டது. மெயில்களை சர்வரில் விட்டுவைக்காமல் இறக்கிக்கொள்ளும் செட்டிங் வேறு. முந்தைய வாரம் எடுத்த பேக்கப்பிலிருந்து மீட்டோம். அந்த ஒரு வார ஆர்டர்களை ஈரோட்டுக்கும் திருப்பூருக்கும் போன் போட்டுத் திரும்ப அனுப்பச் சொல்லி வாங்கினார்.

அதனால் ஸ்கேன் சொல்லட்டும், முடிவு நீங்கள் எடுங்கள். தள்ளி வைக்க வேண்டுமென்றால் "--மூவ்=" போட்டுத் தனி ஃபோல்டர் ஒன்றைக் கொடுங்கள். தண்டர்பேர்டின் ஃபோல்டரை "--எக்ஸ்க்ளூட்-டிர்=" போட்டு அந்தத் தினசரி ஸ்கேனிலிருந்து விலக்கி, மாதம் ஒருமுறை தனியாக, வெறும் பார்வைக்கு மட்டும் ஸ்கேன் செய்யுங்கள். ஏதாவது காட்டினால் தண்டர்பேர்டுக்குள் போய் அந்த ஒரு மெயிலை அழித்து, ஃபைல் மெனுவில் உள்ள "காம்பேக்ட் ஃபோல்டர்ஸ்" கொடுங்கள். அதைக் கொடுக்கும்வரை அழித்த மெயில் ஃபைலுக்குள்ளேயேதான் இருக்கும், அடுத்த ஸ்கேனும் அதையே காட்டும்.